கத்திக்கு முன்னால் காந்தம்

தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் போனாலும் கழிப்பறைச் சுவரில் அந்த விளம்பரம் கண்ணில் படும். "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணமாகும்". மூலம் என்றால் எல்லோருக்கும் தெரியும். பௌத்திரம் என்பது மூலத்துக்கு இன்னொரு பெயர் என்றே பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அது வந்தவர்களுக்கு மட்டும் வித்தியாசம் நன்றாகத் தெரியும், ஆனால் அவர்கள் வாயைத் திறப்பதில்லை. வீட்டில்கூடச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளாடைக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு.

இந்தக் கட்டுரையின் விஷயம் அந்த விளம்பரம் அல்ல. முறையான மருத்துவமனைக்குப் போய், முறையான மருத்துவரிடம் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஆறு மாதத்தில் மீண்டும் அதே இடத்தில் சீழ் வடிந்து, மீண்டும் போய், மீண்டும் அறுத்து, கடைசியில் வெறுத்துப்போய் அந்தச் சுவர் விளம்பரத்தின் தொலைபேசி எண்ணைக் குறித்துக் கொள்கிறாரே, அந்த நோயாளியைப் பற்றியது. அவரிடம் இருக்கும் தடிமனான கோப்பில் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாம் இருக்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இருக்காது. இருந்தாலும், மூன்றாவது அறுவைக்குப் பிறகு எடுத்ததாக இருக்கும்.

பௌத்திரம் உண்டாகும் விதம் எளிமையானது. ஆசனவாயின் உட்புறத்தில் சிறு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அதில் ஒன்று அடைத்துக்கொண்டு சீழ் பிடிக்கிறது. சீழ் வெளியேற வழி தேடித் தசையைத் துளைத்து, தோலுக்கு வந்து கட்டியாக உடைகிறது. கட்டி ஆறிவிடும். ஆனால் உள்ளிருந்து வெளியே வரை போட்ட பாதை மூடாமல் ஒரு குழாயாக நின்றுவிடும். அதுதான் பௌத்திரம். எலி வளை போலத்தான். வெளியே தெரியும் ஓட்டை ஒன்றாக இருக்கலாம், உள்ளே எத்தனை கிளை என்பது வெளியிலிருந்து தெரியாது. சில சமயம் ஆசனவாயைச் சுற்றிக் குதிரை லாடம் போல வளைந்து மறுபக்கம் வரைக்கும் போயிருக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் குழாய் போகும் வழியில்தான் மலத்தை அடக்கும் சுருக்குத் தசைகள் இரண்டும் இருக்கின்றன. உள்தசை தானாக இயங்குவது, வெளித்தசை நம் இஷ்டப்படி இறுக்கிக் கொள்வது. குழாயைத் திறந்து விட்டால் ஆறிவிடும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு தசை சேர்ந்து அறுபடுகிறது என்பதைப் பொறுத்து, பௌத்திரம் போய் மலம் அடங்காத நிலை வந்து சேரலாம். குறைவாக அறுத்தால் நோய் திரும்பும், அதிகமாக அறுத்தால் மானம் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அறுவை மருத்துவரின் கத்தி நகர வேண்டும்.

இது புதிய நோயும் அல்ல. பிரெஞ்சு அரசர் 14ஆம் லூயிக்கே இது வந்தது. 1686இல் மயக்க மருந்து எதுவும் இல்லாமல் அறுவை நடந்தது. அரசர்மேல் கத்தி வைப்பதற்கு முன் மருத்துவர் ஃபெலிக்ஸ் பல மாதங்கள் ஏழை நோயாளிகள்மேல் பழகிக்கொண்டாராம்! எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு 1841இல் இதே அறுவையைச் செய்தவர் ஃபிரெடரிக் சால்மன். அவர் 1835இல் லண்டனில் தொடங்கிய சிறிய மருத்துவமனைதான் பிற்பாடு செயின்ட் மார்க்ஸ் என்று உலகப் புகழ் பெற்றது. அங்கே பணியாற்றிய ஆலன் பார்க்ஸ் என்ற அறுவை மருத்துவர் 1976இல், பௌத்திரக் குழாய் தசைகளை எப்படிக் கடக்கிறது என்பதை வைத்து அதை நான்கு வகையாகப் பிரித்தார். இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் படிப்பது அந்தப் பிரிவுதான். ஆனால் பார்க்ஸ் காலத்தில் எந்த வகை என்று அறிய விரலும், மெல்லிய கம்பியும், மருத்துவரின் அனுபவமும்தான் இருந்தன.

அதே செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையிலிருந்து 2002இல் லான்செட் இதழில் ஒரு சிறிய ஆய்வு வெளிவந்தது. ஏற்கெனவே அறுவை செய்து மீண்டும் பௌத்திரம் வந்த 71 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு அறுவை செய்தார்கள். படம் சொல்வதை ஏற்றுக்கொள்வதும் விடுவதும் அறுவை மருத்துவரின் விருப்பம். கையால் தேடியபோது அகப்படாத கிளை ஒன்றைப் படம் காட்டினால், சில மருத்துவர்கள் ஒவ்வொரு முறையும் அங்கே போய்த் தேடினார்கள். ஒருவர் தன் அனுபவமே போதும் என்று ஒரு முறையும் போகவில்லை. படத்தை எப்போதும் மதித்தவர்கள் செய்த அறுவைகளில் 16% பேருக்குத்தான் நோய் திரும்பியது. ஒருபோதும் மதிக்காதவரிடம் 57%. நோய் மீண்டும் தலைதூக்கிய இடங்களும் எம்.ஆர்.ஐ. முன்பே சுட்டிக் காட்டியிருந்த இடங்கள்தான்.

எண்ணிக்கை சிறியது என்று வாதம் செய்யலாம். ஆனால் இங்கே ஒப்பிடப்பட்டது மருந்தும் மருந்தும் அல்ல. ஒரே மருத்துவமனை, தேர்ந்த மருத்துவர்கள், ஒரே நோய். வித்தியாசம், கண்ணால் பார்த்ததை நம்பியதா இல்லையா என்பது மட்டுமே. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், திரும்பி வந்த பௌத்திரத்துக்குப் படம் எடுக்காமல் கத்தி எடுப்பது நடக்கிறது என்றால், அதற்கு நியாயம் சொல்வது கடினம். முதல்முறை வந்த, தோலுக்கு அருகிலேயே இருக்கும் எளிய பௌத்திரத்துக்கு எம்.ஆர்.ஐ. கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை. அனுபவமுள்ள விரல் அதற்குப் போதும். திரும்பி வந்தது, உயரத்தில் போவது, ஒன்றுக்கு மேற்பட்ட வாய் உள்ளது, குடல் அழற்சி நோயோடு சேர்ந்தது, இவற்றுக்குத்தான் படம் முதலில் வேண்டும்.

அந்தக் காந்தக் குழாய்க்குள் அப்படி என்னதான் நடக்கிறது? உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன். ஹைட்ரஜனின் கரு ஒரு குட்டிக் காந்தம் மாதிரி நடந்துகொள்ளும். 1.5 டெஸ்லா எந்திரம் என்றால் பூமியின் காந்தப் புலத்தைப்போலச் சுமார் முப்பதாயிரம் மடங்கு வலிமை. அதற்குள் போனதும் இந்தக் குட்டிக் காந்தங்களில் சிறு பகுதி ஒரே திசைக்கு வரிசை கட்டுகிறது. ரேடியோ அலையால் ஒரு தட்டுத் தட்டினால் சாய்கிறது, மீளும்போது குரல் கொடுக்கிறது. கொழுப்பில் இருக்கும் ஹைட்ரஜன் ஒரு மாதிரி மீளும், சீழில் இருப்பது வேறு மாதிரி. கொழுப்பின் வெளிச்சத்தை மட்டும் அணைத்துவிட்டுப் படம் எடுக்கும் உத்தி ஒன்று உண்டு. அப்போது கறுத்த பின்னணியில் சீழ்க் குழாய் வெள்ளைக் கோடாகத் தெரியும். பௌத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவியைத் தேடிப் பிடித்திருக்க முடியாது.

இந்த முறையில் படம் எடுக்கலாம் என்று பால் லாட்டர்பர் 1973இல் நேச்சர் இதழில் எழுதினார். முதலில் அந்த இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது என்பது பிரபலமான கதை. 2003இல் அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முன்பு பெயரில் 'நியூக்ளியர்' என்ற சொல்லும் இருந்தது. மக்கள் அணுகுண்டை நினைத்துப் பயப்படுவார்கள் என்று அதை எடுத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கதிர்வீச்சு துளியும் இல்லாத எம்.ஆர்.ஐ.யைக் கண்டு பயப்படுகிறவர்கள், எக்ஸ் கதிரால் எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கு ஒரு வார்த்தை கேட்காமல் படுத்துக் கொள்கிறார்கள்.

மூளைக்கும் முதுகுத் தண்டுக்கும் எம்.ஆர்.ஐ. சீக்கிரமே வந்துவிட்டது. வயிற்றுக்கு வரத் தாமதமானது. காரணம் எளிது: மூளை அசையாது, குடல் சும்மா இருக்காது. மூச்சு விட்டால் ஈரல் மேலும் கீழும் போகும், குடல் தன் பாட்டுக்கு நெளியும். பழைய எந்திரங்களில் ஒரு படத்துக்குப் பல நிமிடம் ஆகும்போது வயிறு கலங்கலாகத்தான் தெரியும். மூச்சைப் பிடித்திருக்கும் இருபது விநாடிக்குள் படம் எடுத்துவிடும் வேகம் வந்த பிறகுதான் குடல் மருத்துவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

அவர்கள் திரும்பியதற்கு முக்கிய காரணம் சிறுகுடல். வாய் வழியாக விடும் எண்டோஸ்கோப்பி முன்சிறுகுடலோடு நின்றுவிடும். கீழிருந்து போகும் கொலோனோஸ்கோப்பி பெருங்குடலைக் கடந்து சிறுகுடலின் கடைசிச் சில அங்குலங்களைத்தான் எட்டிப் பார்க்கும். நடுவில் ஏறக்குறைய ஆறு மீட்டர் இருட்டு. 1932இல் பரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் நியூயார்க்கில் விவரித்த கிரோன் நோய், பெரும்பாலும் அந்த இருட்டின் ஓரத்தில், சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் குடியேறுகிறது. அது குடல் சுவரை மேலோட்டமாகப் புண்ணாக்குவதோடு நிற்பதில்லை. சுவரின் முழுத் தடிமனையும் தின்று, சுருக்கத்தையும் சீழ்க்கட்டியையும் பக்கத்து உறுப்புக்குள் ஓட்டையையும் உண்டாக்கும். கிரோன் நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பௌத்திரமும் வரும். ஆக, மேலே சொன்ன நோயாளியின் மூன்றாவது பௌத்திரத்துக்கு வேர் ஆசனவாயில் இல்லாமல் வயிற்றுக்குள் இருக்கலாம். அதைத் தேடாமல் கீழே மட்டும் அறுத்துக் கொண்டிருந்தால் என்ன பயன்?

கிரோன் நோய் பெரும்பாலும் இளம் வயதில் தொடங்குகிறது, வாழ்நாள் முழுக்கக் கூட வருகிறது. இருபது வயது மாணவர் ஒருவருக்கு வந்தால், அவர் வயிற்றை இன்னும் நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு அவ்வப்போது பார்க்க வேண்டியிருக்கும். வலி அதிகமானால் ஒரு படம், மருந்து மாற்றும்போது ஒரு படம், அறுவைக்கு முன் ஒரு படம். எல்லாம் சி.டி.யாக இருந்தால்? வயிற்றுக்கு ஒரு சி.டி. என்பது சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு மனிதருக்கு இயற்கையாக மூன்று, நான்கு ஆண்டுகளில் சேரும் கதிர்வீச்சு அது. புதிய எந்திரங்களில் அளவு குறைந்திருக்கிறது, உண்மைதான். ஆனாலும் 2023இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில், 22 வயதுக்குள் சி.டி. எடுத்த ஏறக்குறைய 9.5 லட்சம் பேரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு கவனிக்கத் தக்கது. ஒரு சி.டி. எடுத்த ஒவ்வொரு பத்தாயிரம் பேரிலும் அடுத்த 12 ஆண்டுகளில் ஒருவர் அல்லது இருவருக்கு அதன் காரணமாக ரத்தப் புற்றுநோய் வகைகளில் ஏதேனும் வரலாம் என்கிறது அது. ஒரு முறைக்கு இது மிகச் சிறிய ஆபத்து. விபத்தில் அடிபட்டவருக்கோ குடலில் ஓட்டை விழுந்தவருக்கோ சி.டி.யைத் தள்ளிப்போட இது காரணமே ஆகாது. ஆனால் பத்தாவது முறை எடுக்கும்போது கணக்கு வேறு. அதுவும் கதிர்வீச்சே இல்லாத ஒரு வழி இருக்கும்போது!

அந்த வழிக்கு எம்.ஆர். என்ட்ரோகிராஃபி என்று பெயர். சில மணி நேரம் பட்டினி இருந்துவிட்டு வர வேண்டும். பிறகு முக்கால் மணி நேரத்தில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை மேனிட்டால் போன்ற இனிப்புக் கரைசலைக் குடிக்க வேண்டும். சுருங்கிக் கிடக்கும் குடலை இந்தத் தண்ணீர் விரித்துப் பிடிக்கும். சுருங்கிய குடலில் நோய் இருப்பதுபோலவும் தெரியும், இருக்கும் நோய் மறைந்தும் போகும் என்பதால் இதில் கஞ்சத்தனம் கூடாது. குடலின் நெளிவை நிறுத்தச் சிறிது நேரத்துக்கு ஓர் ஊசி. பிறகு உள்ளே அரை மணி நேரம், "மூச்சை இழுங்க, பிடிங்க" என்று மைக்கில் குரல். வெளியே வந்ததும் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

கிடைக்கும் படத்தில் குடல் சுவரின் தடிமன், வீக்கம், வெளியே உள்ள கட்டி, பக்கத்துக் குழாய்கள் எல்லாம் தெரியும். நோயைக் கண்டுபிடிப்பதில் சி.டி.யும் இதுவும் ஏறக்குறைய சமம்தான். அல்ட்ராசவுண்டோடு ஒப்பிட்டு இங்கிலாந்தின் எட்டு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. சிறுகுடலில் கிரோன் நோய் எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. 80% பேரிடம் சரியாகச் சொன்னது, அல்ட்ராசவுண்ட் 70%. நோய் இருக்கிறதா என்பதற்கு மட்டும் 97%, 92%. அல்ட்ராசவுண்ட் ஒன்றும் மட்டமில்லை என்பதையும் இதிலேயே பார்க்கலாம். தேர்ந்த கை இருக்கும் இடத்தில் நோயைத் தொடர்ந்து கண்காணிக்க அதுவே போதுமானதாக இருக்கும், செலவும் குறைவு.

இந்தியாவில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. காசநோய். குடல் காசநோயும் அதே சிறுகுடல் கடைசியில்தான் உட்காரும், அதே வலி, அதே எடைக் குறைவு. கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டோ உயிரியல் மருந்தோ கொடுத்தால், காசநோய் கொழுந்துவிட்டு எரியும். காசநோய் என்று நினைத்து ஆறு மாதம் மருந்து கொடுத்தால், கிரோன் அந்த ஆறு மாதத்தில் குடலைச் சுருக்கிவிடும். எம்.ஆர்.ஐ. இங்கே தீர்ப்புச் சொல்லாது, சாட்சி சொல்லும். நீளமாகப் பல இடங்களில் விட்டுவிட்டு வரும் வீக்கமும், சீப்புப் பல் போல நிமிர்ந்து நிற்கும் ரத்தக் குழாய்களும் கிரோன் பக்கம் சாயும். நடுவில் அழுகிய பெரிய நெறிக்கட்டிகள், வயிற்றில் நீர் என்றால் காசநோய்ப் பக்கம். திசு எடுத்துச் சோதிக்காமல் முடிவு கட்ட முடியாது. படம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பித்தக் குழாயில் கல் இருக்கிறதா என்று பார்க்க, ஊசியோ குழாயோ இல்லாமல் பித்தநீரையே வெளிச்சமாக்கிக் காட்டும் எம்.ஆர்.சி.பி. என்ற முறை 1990களிலேயே வந்துவிட்டது. அதற்கு முன் பார்ப்பதற்கென்றே வாய்வழியாகக் குழாய் விட்டார்கள், அதில் நூற்றில் சிலருக்குக் கணைய அழற்சி வந்தது. இப்போது கல்லை எடுக்க வேண்டியவர்களுக்கு மட்டும் குழாய் விட்டால் போதும். மலக்குடல் புற்றுநோயிலும் அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுப்பது வழக்கமாகிவிட்டது. ஆகவே வயிற்றுக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணம் பழையது.

அதே சமயம் எதற்கெடுத்தாலும் எம்.ஆர்.ஐ. என்பதும் அபத்தம். நெஞ்செரிச்சலுக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் எண்டோஸ்கோப்பிதான் வழி. பெருங்குடலில் சிறு பாலிப் இருந்தால் கொலோனோஸ்கோப்பி அதைப் பார்க்கும், அங்கேயே வெட்டியும் எடுக்கும். அவசரத்துக்கு சி.டி.க்கு நிகர் இல்லை. சில பேஸ்மேக்கர்களோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகவே கூடாது. காடோலினியம் ஊசி, சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தோலையும் தசையையும் இறுக்கிவிடும் ஒரு நோயை உண்டாக்கலாம் என்பது 2006இல் வெளிப்பட்டது. அதன் பிறகு ஊசி வகைகளை மாற்றியிருக்கிறார்கள், ஆனாலும் தேவையில்லாமல் போடக் கூடாது. பௌத்திரத்தைப் பார்க்கப் பெரும்பாலும் அந்த ஊசி இல்லாமலே முடியும்.

எதிர்வாதங்களில் வலுவானது செலவு. எம்.ஆர்.ஐ. எந்திரம் விலை அதிகம், அதைக் குளிர்விக்கும் திரவ ஹீலியமும் விலை அதிகம். உள்நாட்டிலேயே தயாரித்த 1.5 டெஸ்லா எந்திரம் 2023இல்தான் இந்தியாவில் அறிமுகமானது. ஒரு தினக்கூலித் தொழிலாளிக்கு ஸ்கேன் செலவு பெரிய தொகை என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இரண்டாவது அறுவைக்கு ஆகும் செலவு, இழந்த வேலை நாட்கள், மூன்றாவது அறுவையில் தசை போனால் அதற்குப் பிறகான வாழ்க்கை, இவற்றை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்? ஸ்கேன் செலவு ஒரே நாளில் ரசீதாக வருகிறது, மற்றவை ரசீது இல்லாமல் வருகின்றன. அதனால்தான் முதலாவது பெரிதாகத் தெரிகிறது.

உண்மையில் பெரிய குறை எந்திரத்தில் இல்லை, சீட்டில் இருக்கிறது. 'எம்.ஆர்.ஐ. வயிறு' என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பினால், குடலை விரிக்காமல், ஆசனவாய்ப் பக்கமே போகாமல் ஒரு பொதுவான வயிற்றுப் படம் வரும். பௌத்திரத்துக்கு அது வீண் காசு. ஆசனவாயின் அச்சுக்கு ஏற்றபடி சாய்த்து, மெல்லிய துண்டுகளாக எடுக்க வேண்டும். அறிக்கையிலும் 'பௌத்திரம் உள்ளது' என்று எழுதினால் போதாது, அது நோயாளிக்கே தெரியும். உள்வாய் கடிகார முகத்தில் எத்தனை மணி இடத்தில் இருக்கிறது, வெளித்தசையைக் கடக்கிறதா, எவ்வளவு உயரத்தில், கிளை எத்தனை, சீழ்க்குளம் எங்கே என்று இருக்க வேண்டும். இதை எழுதுபவர் ஸ்கேன் மையத்தில் இருக்கிறார், படிப்பவர் வேறொரு மருத்துவமனையில் இருக்கிறார், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்பது மிகச் சாதாரணம். வாரம் ஒரு முறை இருவரும் ஒரே திரைமுன் உட்காரும் வழக்கம் உள்ள மருத்துவமனைகளில் இந்தப் பிரச்சினை பாதி குறைந்துவிடும். அதற்கு ஹீலியம் தேவையில்லை.

இரண்டாம் முறை பௌத்திர அறுவைக்குத் தேதி கொடுக்கப்பட்ட ஒருவர், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்கலாம். எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றா? உள்வாய் எங்கே என்று அதில் தெரிந்ததா? குடலில் கிரோனோ காசநோயோ இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டலாம். ஸ்கேன் எடுத்திருந்தால், அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துப் போகாமல் படங்கள் உள்ள குறுந்தகட்டையும் ஃபிலிமையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். அறுவை அன்று அது வீட்டு அலமாரியில் இருந்தால் பயனில்லை, அறுவை அரங்கின் விளக்குப் பலகையில் மாட்டியிருக்க வேண்டும்.